காட்டுக்கு விலை போடுகிற படிப்பு: ஒரு தந்தைக்குப் பதில்

வணக்கம் சார்.

மகள் பிளஸ் டூவில் கணிதமும் உயிரியலும் எடுத்திருக்கிறார், காடு, பருவநிலை மாற்றம், பொருளாதாரம் மூன்றும் சேர்ந்த படிப்புதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார், இதை நம்பி அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்பலாம். ஆனால் பட்டப்படிப்பை யோசித்து எடுக்க வேண்டும். இப்போது தப்பான பிரிவில் சேர்ந்துவிட்டால், நாலு வருடம் கழித்துச் சில கதவுகள் திறக்காது.

முதலில், இது என்ன வேலை என்று உங்களுக்குப் புரிய வேண்டும். நீலகிரி மாவட்டம் கூடலூரில் மரம் வெட்டுவதை எதிர்த்து, நிலம்பூரைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நாட்டின் வன நிர்வாகத்தையே மாற்றிய வழக்கு அது. சுரங்கத்துக்கோ அணைக்கோ வனநிலத்தை எடுத்தால், வேறு இடத்தில் கன்று நட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போக முடியாது, அந்தக் காடு இத்தனை வருடம் தரவிருந்த நன்மைகளின் இன்றைய மதிப்பையும் கட்ட வேண்டும் என்ற ஏற்பாடு அந்த வழக்கின் வழியாகத்தான் வந்தது. அதைக் கணக்கிடும் முறையை வகுத்த குழுவுக்குத் தலைவர் காஞ்சன் சோப்ரா, ஒரு பொருளாதார அறிஞர். 2008இல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்ட விகிதப்படி, காட்டின் வகையையும் அடர்த்தியையும் பொறுத்து ஹெக்டேருக்கு 4.38 லட்சம் ரூபாயிலிருந்து 10.43 லட்சம் வரை. 2022இல் அதை உயர்த்தினார்கள்.

இந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் கணக்கை மகளிடம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பிளஸ் டூ கணிதமே போதும். 50 வருடம் கழித்து ஒரு காட்டிலிருந்து 1 லட்சம் ரூபாய் மதிப்புள்ள பயன் கிடைக்கும் என்று வையுங்கள். ஆண்டுக்கு 4 சதவீதம் என்று வைத்து, ஒவ்வொரு வருடத்துக்கும் 1.04ஆல் வகுத்துக்கொண்டே வந்தால் அதன் இன்றைய மதிப்பு சுமார் 14,000 ரூபாய். 10 சதவீதம் என்று வைத்தால் வெறும் 850 ரூபாய்தான். காடும் மாறவில்லை, மரமும் மாறவில்லை. சதவீதத்தை யார் முடிவு செய்தார்களோ அவர்கள் கையில் அந்தக் காட்டின் கதி இருக்கிறது. பருவநிலைப் பொருளாதாரத்தில் உலகம் முழுக்க நடக்கும் பெரிய சண்டையும் இதே சதவீதத்தைப் பற்றியதுதான். இந்தக் கணக்கு அவருக்குச் சுவாரசியமாக இருந்தால் நல்லது. "அய்யோ மறுபடியும் கணக்கா" என்றால், அவருக்குப் பிடித்தது காடு மட்டும்தான். அதற்கு வனவிலங்கு உயிரியல் மாதிரி வேறு வழிகள் உண்டு.

ஊர்ப்பக்கமே இன்னொன்று சொல்கிறேன். கடலூர், விழுப்புரம் பக்கம் விவசாயி சவுக்கு போட்டால் நாலைந்து வருடத்தில் வெட்டிக் காகித ஆலைக்குக் கொடுத்துவிடுவார். மரத்தை இன்னும் சில வருடம் விட்டுவைத்தால் அதிகக் கரியமில வாயுவைப் பிடித்து வைத்திருக்கும். சரி, அதுவரை அவர் வீட்டுச் செலவுக்கு யார் பணம் தருவார்கள்? மரம் பிடித்து வைக்கும் கரியமில வாயுவுக்கு ஈடாகப் பணம் தருவதாக (இதைத்தான் கார்பன் கிரெடிட் என்கிறார்கள்) ஒரு கம்பெனி வந்தால், அந்தப் பணம் இல்லாவிட்டாலும் அவர் மரத்தை விட்டுத்தான் வைத்திருப்பாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டேப்பை எடுத்துக்கொண்டு தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் மரத்தின் சுற்றளவை அளப்பதும், வீடு வீடாகப் போய் வாரத்துக்கு எத்தனை கட்டு விறகு என்று கேட்பதும், அதை எக்செல்லில் ஏற்றி விடை தேடுவதும் இந்த வேலையில் உண்டு.

இனி படிப்பு. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் நாலு வருட பி.எஸ்சி. வனவியல் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகக் கலந்தாய்வு வழியாகச் சேரலாம். அதை முடித்தால் இந்திய வனப் பணித் தேர்வு, மாநில வனத்துறைத் தேர்வுகள், போபாலில் உள்ள இந்திய வன மேலாண்மை நிறுவனத்தில் எம்.பி.ஏ. என்று வழி விரிகிறது. இன்னொரு பாதை: புள்ளியியல், கணிதம் அல்லது பொருளாதாரத்தில் இளநிலை, அப்புறம் பொருளாதாரத்தில் முதுநிலை. சென்னை கோட்டூரில் இருக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் சுற்றுச்சூழல் பொருளாதாரத்துக்குப் பேர் போன இடம்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. இந்திய வனப் பணித் தேர்வு எழுத, பட்டப்படிப்பில் தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல், கால்நடை அறிவியல் இவற்றில் ஒரு பாடமாவது இருக்க வேண்டும், அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். பொருளாதாரம் அந்தப் பட்டியலில் இல்லை, மெயின் தேர்வின் விருப்பப் பாடங்களிலும் இல்லை. வெறும் பி.ஏ. பொருளாதாரம் என்றால் அந்தக் கதவு மூடியாயிற்று. இந்தியப் பொருளாதாரப் பணிக்கோ பொருளாதாரத்தில் முதுநிலை கட்டாயம். இரண்டு கதவும் திறந்திருக்க வேண்டுமானால் பி.எஸ்சி. புள்ளியியலும் அதன் மேல் எம்.ஏ. பொருளாதாரமும்தான் என் சிபாரிசு. மகளுக்கு மண்ணும் மரமும் கையில் பட வேண்டும் என்றால் மேட்டுப்பாளையம். பெயரில் "பருவநிலை" என்று போட்டுக் கட்டணத்தை ஏற்றிய புதுப் பட்டங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், புள்ளியியல் எத்தனை தாள் என்று எண்ணுங்கள்.

வேலை விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். அரசுப் பணியிடங்கள் குறைவு, போட்டி அதிகம். ஆராய்ச்சி நிறுவனங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் முதல் இரண்டு மூன்று வருடம் பெரும்பாலும் புராஜெக்ட் முடியும்வரைதான் வேலை. கார்பன் கிரெடிட் தொழில் ஏறி இறங்கும். காடு சார்ந்த கிரெடிட்கள் பலவற்றின் நம்பகத்தன்மையே 2023இல் கேள்விக்குள்ளாகி, சந்தை சுருண்டது. ஆனால் தேவை ஒரே இடத்தில் இல்லை. 15ஆவது நிதிக்குழு, மாநிலங்களுக்கு வரிப்பங்கு பிரிப்பதில் காடுகளுக்கு 10 சதவீத எடை கொடுத்தது. அதை வைத்து வாதாட மாநிலங்களுக்குக் கணக்குத் தெரிந்த ஆள் வேண்டும். காடழித்து விளைந்த காப்பி, ரப்பர், மரம் எதையும் வாங்க மாட்டோம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் போட்டது. அமலைத் தள்ளித் தள்ளிப் போட்டாலும், ஏற்றுமதியாளர்கள் தோட்டம் தோட்டமாக ஆதாரம் காட்ட ஆள் தேடத்தான் செய்வார்கள்.

பெண் பிள்ளையைக் காட்டுக்கு அனுப்புவதா என்ற உங்கள் தயக்கத்துக்கு: 1980இலேயே பெண்கள் இந்திய வனப் பணியில் சேர்ந்துவிட்டார்கள். அதோடு, பொருளாதாரப் பக்கம் போனால் களப்பணி சில வாரங்கள், அதுவும் குழுவோடுதான். மீதி நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால்.

இந்த விடுமுறையில் டேராடூன் இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் (Forest Survey of India) 2023 அறிக்கையைப் படிக்கச் சொல்லுங்கள், இணையத்தில் இலவசம். நாட்டின் பரப்பில் 25.17 சதவீதம் காடும் மரமும் என்கிறது அது. 1 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 சதவீதம் மர நிழல் இருந்தால் காடு என்று எண்ணுகிறார்கள், யார் நிலம், என்ன மரம் என்று பார்ப்பதில்லை. அப்படியானால் தென்னந்தோப்பும் காடா, அப்படி எண்ணுவதால் யாருக்கு லாபம் என்று மகளே கேட்கிறாரா பாருங்கள். மதிப்பெண் வந்ததும் எழுதுங்கள். கட்டணம், விடுதி, கல்விக்கடன் பற்றி அப்போது விவரமாகப் பேசலாம்.