மேசன் வீட்டுக்குப் போகாத கதை: வாசகர் கேள்வி

கேள்வி: அம்மாவுக்கு 54 வயது, நான்கு வருடமாக ஸ்க்ளெரோடெர்மா என்ற தோல் இறுகும் நோய். விரல்கள் இறுகி, மோதிரத்தைக் கடைசியில் வெட்டித்தான் எடுத்தோம். இப்போது இரண்டாம் மாடி ஏறுவதற்குள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஸ்கானில் சுவாசப்பையின் அடியில் தழும்பு என்றார்கள். ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற கலம்தான் காரணம் என்று வைத்தியர் சொன்னார், பின்னால் வரிசை நின்றதால் மேலே கேட்க முடியவில்லை. அம்மா சிகரெட்டைத் தொட்டதே இல்லை. மாமி சளி என்று சொல்லிக் கொத்தமல்லி அவித்துக் கொடுக்கிறார். அந்தக் கலத்தை அழிக்க முடியாதா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: சகோதரி, அந்தக் கலத்தை அழிக்க நினைக்காதீர்கள். அது இல்லாவிட்டால் வெங்காயம் வெட்டும்போது விரலில் விழுந்த கீறல்கூட ஆறாது. கீறல் விழுந்ததும் ஃபைப்ரோபிளாஸ்டுகள் அங்கே கூடிக் கொலாஜன் என்ற நாரைப் போடுகின்றன. சில உருமாறி, தசை மாதிரிச் சுருங்கிக் காயத்தின் இரண்டு கரையையும் இழுத்துப் பிடிக்கும், இவைதான் மயோஃபைப்ரோபிளாஸ்ட். காயம் மூடியதும் அவற்றில் பெரும்பாலானவை தாமாகவே இறந்துவிடும், சுவர் பூசி முடித்த மேசன் சாந்துச் சட்டியைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிற மாதிரி.

அம்மாவின் நோயில் மேசன் வீட்டுக்குப் போவதில்லை. நோயெதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே பகையாக நினைத்து, சின்ன இரத்தக்குழாய்களையும் காற்றறைகளின் உட்பூச்சையும் திரும்பத் திரும்பப் புண்ணாக்க, 'இங்கே புண், இங்கே புண்' என்ற செய்தி டிஜிஎஃப்-பீட்டா போன்ற புரதங்கள் வழியாக ஓயாமல் போய்க்கொண்டிருக்கும், மேசனும் பூசிய சுவரிலேயே மேலும் மேலும் பூசுவார். இதில் எனக்கு மிகக் கொடுமையாகப் படுவது ஒன்று உண்டு. இறுகிப்போன இழையமே, அந்த இறுக்கத்தாலேயே, பக்கத்து ஃபைப்ரோபிளாஸ்டுகளை உசுப்பிவிடுகிறது. அழற்சி தணிந்த பிறகும் தழும்பு வளரக்கூடும் என்பது அதனால்தான்.

காற்றறையின் சுவர் மயிரிழையைவிடப் பல மடங்கு மெல்லியது. அதில் நார் படிந்தால் ஒட்சிசன் இரத்தத்துக்குள் போகச் சிரமப்படும், சுவாசப்பையும் முழுதாக விரியாது. பிரஷர் பார்க்கும் பட்டியைக் கையிலிருந்து பிரிக்கும்போது 'சர்ர்' என்று வருமே, வைத்தியர் அம்மாவின் முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்துத் தேடுவது அதே மாதிரியான சத்தத்தைத்தான். இது சளி இல்லை. கொத்தமல்லித் தண்ணீர் குடிக்கட்டும், அதை நம்பி மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம்.

சரி, மருந்து? படிந்த நாரைக் கரைத்தெடுக்கும் மருந்து இன்றைக்கு இல்லை, அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வேகத்தைக் குறைக்கலாம். மைக்கோஃபினோலேட் நோயெதிர்ப்பின் பக்கத்தை அடக்கும். நின்டெடானிப் ஃபைப்ரோபிளாஸ்டுக்குப் போகும் சில கட்டளைகளைத் தடுக்கும். இந்த நோயின் சுவாசப்பைத் தழும்புக்கு அமெரிக்கா அதை 2019இல் அனுமதித்தது. 576 பேரை வைத்துச் செய்த ஆய்வில், மூச்சை முழுதாக இழுத்து ஊதும் கொள்ளளவு ஒரு வருடத்தில் இந்த மருந்தில்லாதவர்களுக்குச் சராசரியாக 93 மில்லிலீற்றர் குறைந்தது, மருந்து எடுத்தவர்களுக்கு 52. வயிற்றோட்டம் வரும், வந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள், தானாக நிறுத்தாதீர்கள்.

பார்மசியில் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் மாத்திரையை வாங்கிக் கொடுப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஸ்க்ளெரோடெர்மாவில் அது கூடிய அளவில் போனால் சிறுநீரகம் திடீரெனப் பழுதாகும் ஆபத்து ஏறும். அடுத்த கிளினிக்குக்கு மூச்சுப் பரிசோதனையின் பழைய, புதிய தாள் இரண்டையும் எடுத்துப் போய், "எவ்வளவு குறைந்திருக்கிறது?" என்று கேளுங்கள். வரிசை நின்றாலும் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு ருமட்டோயிட் மூட்டுவாதம். இருமல் எதுவும் இல்லை. நானும் பயப்பட வேண்டுமா?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: உங்கள் மூட்டுவாதமும் நோயெதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய்தான். மூட்டுவாதக்காரர் எல்லோருக்கும் சுவாசப்பையில் தழும்பு வருவதில்லை, ஆனால் வருகிறவர்களுக்கு ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். ஆண்களுக்கும் வயது கூடியவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். புகைக்கிறீர்கள் என்றால் இன்றே விடுங்கள். அடுத்த முறை விரல்களைக் காட்டும்போது, முதுகிலும் ஒருமுறை ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.