சில தனிமங்களுக்கு மட்டும் ஏன் ஒன்றுக்கு மேற்பட்ட இணைதிறன்?

ஓர் அணு மற்ற அணுக்களோடு சேரும்போது எத்தனை எலக்ட்ரான்களை இழக்கும், ஏற்கும் அல்லது பங்கிடும் என்பதுதான் இணைதிறன். சோடியம் 1, மெக்னீசியம் 2 என்று மனப்பாடம் செய்துகொண்டே வந்து, இரும்புக்கு 2, 3 என்று பார்த்ததும் கடுப்பாகிக் கேட்டிருப்பீர்கள். நானும் பள்ளியில் கேட்டேன். "அது அப்படித்தான், எழுதிட்டு உட்காரு" என்றார்கள்.

எனக்கு இது புரிந்தது வாடகை வீட்டு பாத்ரூமில். போர் தண்ணீர்தான். மோட்டார் போட்டதும் கண்ணாடி மாதிரி வரும், பக்கெட்டில் பிடித்து வைத்தால் காலையில் அடியில் செங்கல்பொடி மாதிரி படிந்திருக்கும். நிலத்தடியில் ஆக்சிஜன் இல்லாததால் இரும்பு இரண்டு எலக்ட்ரான்களை இழந்த 2+ அயனியாகக் கரைந்து கிடக்கிறது, மேலே வந்து காற்று பட்டதும் இன்னொரு எலக்ட்ரானை இழந்து 3+ ஆகி, கரையாமல் துருநிறத்தில் படிகிறது. அம்மா பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினார், அது இன்னும் வேகமாக ஆக்சிஜனேற்றும் சமாச்சாரம், தரை மேலும் சிவந்ததுதான் மிச்சம்.

சரி, இரும்பால் மட்டும் எப்படி முடிகிறது? அதன் வெளிக்கூட்டில் 4எஸ் என்ற இடத்தில் இரண்டு எலக்ட்ரான்கள், அதற்கு உள்கூட்டில் 3டி என்ற இடத்தில் ஆறு. இரண்டுக்கும் ஆற்றலில் பெரிய இடைவெளி கிடையாது. 4எஸ் இரண்டும் போனால் 2+. 3டி-இலிருந்தும் ஒன்று போனால் 3+, மீதி ஐந்தும் ஆர்பிட்டாலுக்கு (எலக்ட்ரான் தங்கும் அறைக்கு) ஒன்றாக வசதியாக உட்கார்ந்துகொள்ளும். சோடியத்திடம் முதல் எலக்ட்ரானைப் பிடுங்க மோலுக்கு 496 கிலோஜூல் போதும், இரண்டாவதற்கு 4562! உள்கூட்டை உடைக்க வேண்டுமே. இரும்புக்கு 762, 1562, 2957 என்று படிப்படியாகத்தான் ஏறும், மூன்றாவதற்கான செலவைக்கூட சேர்மம் உருவாகும்போது வெளிவரும் ஆற்றல் ஈடுகட்டிவிடும்.

இணைதிறன் வேறு, ஆக்சிஜனேற்ற எண் (சேர்மத்தில் அணுவுக்குக் கணக்கிட்டுத் தரும் மின்சுமை) வேறு என்று யாராவது கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், தெரியும். பாஸ்பரஸ் 3, 5, கந்தகம் 2, 4, 6 என்று வருவது எலக்ட்ரானை இழப்பதால் அல்ல, பங்கிடுவதால் என்பதும் தெரியும். கேட்டவருக்கு முதலில் இரும்பு புரியட்டும்.

அப்புறம், அந்த வீட்டைக் காலி செய்யும்போது டைல்ஸ் கறைக்கென்று அட்வான்ஸில் எட்டாயிரம் பிடித்துக்கொண்டார் ஓனர். "உங்க போர் தண்ணியில இருக்கிற இரும்பு சார் அது" என்று இதே கதையை நின்று விளக்கினேன். "முன்னாடி இருந்தவங்க சுத்தமா வச்சிருந்தாங்களே" என்றார். கீழே அவர் குடியிருந்த போர்ஷனுக்கு மட்டும் இரும்பு நீக்கும் பில்டர் போட்டிருந்தார் என்பது சாமான் இறக்கும்போதுதான் கண்ணில் பட்டது.