கைபேசித் திரையில் கரைந்துபோகும் அட்டைப்படம்

கேள்வி: நாங்கள் மந்தைவெளியைச் சேர்ந்த மூவர். ‘உப்புக்காற்று’ என்ற எங்கள் முதல் ஆல்பத்தை இணையத்தில் வெளியிடவிருக்கிறோம். ஓவியம் பயிலும் நண்பர் ஒருவர் பட்டினப்பாக்கம் கடற்கரையை அட்டைப்படமாக வரைந்து தந்தார். கணினியில் அழகாக இருக்கும் அந்தப் படத்தில், கைபேசியில் பார்த்தால் பெயரையே படிக்க முடியவில்லை. பாடல்களைத் தளங்களுக்கு அனுப்பும் நிறுவனமும் படத்தை ஏற்கவில்லை. எதை மாற்ற வேண்டும்?

பதில்: 12 அங்குல இசைத்தட்டின் உறை ஏறத்தாழ 31 சென்டிமீட்டர் சதுரம், குறுந்தகட்டின் அட்டை 12 சென்டிமீட்டர், கைபேசியின் பாடல் பட்டியலில் தெரிவதோ கட்டைவிரல் நகத்தளவுதான். உங்கள் நண்பர் முதலாவதற்கு வரைந்திருக்கிறார், நீங்கள் மூன்றாவதில் வெளியிடுகிறீர்கள். படகுகள், வலைகள், கலங்கரை விளக்கம், மூவரின் முகங்கள் என எல்லாம் அந்த நகத்தளவுக்குள் சாம்பல் நிறக் கலங்கலாகிவிடுகின்றன. 1940ஐ ஒட்டி அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்தில் இசைத்தட்டுகளுக்கு ஓவிய அட்டை போடும் வழக்கத்தைத் தொடங்கிவைத்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ், அவற்றைச் சுவரொட்டியின் பாணியில்தான் அமைத்தார். பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 1973ஆம் ஆண்டு ஆல்பமான ‘தி டார்க் சைட் ஆஃப் த மூன்’ அட்டையில் கறுப்புப் பின்னணியில் ஒரு முப்பட்டகமும் அதில் பிரியும் ஒளியும் மட்டுமே இருப்பதால், எவ்வளவு சுருக்கினாலும் அது அதுவாகவே தெரிகிறது. உங்கள் படத்தில் அத்தகைய வலு மணலில் குவிந்துகிடக்கும் அந்த நீல வலைக்கு இருக்கிறது. அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடச் சொல்வேன், முகங்கள் உட்பட.

படத்தைவிடப் பெரிய சிக்கல் எழுத்தில் இருக்கிறது. தமிழெழுத்தைச் சுருக்கும்போது முதலில் மறைவது புள்ளி. உங்கள் தலைப்பு ‘உபபுககாறறு’ என்றாகிவிடுகிறது. அதற்காக எழுத்தை மிகவும் தடிமனாக்கினால் ‘க’வின் உள்வெளி அடைபட்டுப்போகும். நடுத்தரத் தடிமனில், புள்ளியை வளையமாக அல்லாமல் கோட்டின் தடிமனுக்குக் குறையாத நிறைந்த புள்ளியாக வையுங்கள். என்னைக் கேட்டால், எழுத்துருவைத் தேடி அலையாமல் தலைப்பை நண்பரையே கையால் எழுதச் சொல்வது மேல், ஓவியர் கே. எம். ஆதிமூலம் இதழ்களுக்கும் நூல்களுக்கும் எழுதிய தலைப்பெழுத்துகளை அவர் ஒருமுறை பார்த்துவிட்டு உட்காரட்டும். பாடகர் பெயர்களைப் போட்டோஷாப்பின் பழைய பதிப்பில் தட்டச்சு செய்வதானால், தென்னாசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காதபோது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழும் என்பதை நினைவில் வையுங்கள். அச்சாகி வந்த அட்டைகளிலேயே இந்தப் பிழையைப் பார்த்திருக்கிறேன்.

படம் திருப்பி அனுப்பப்பட்டதற்கு அழகு காரணமன்று. மூலையில் உள்ள இன்ஸ்டாகிராம் முகவரியும் யூடியூப் சின்னமும்தான் காரணமாக இருக்க வேண்டும். இணைய முகவரி, விலை, பிற சேவைகளின் சின்னம் போன்றவற்றைத் தளங்கள் அட்டையில் அனுமதிப்பதில்லை. அட்டையிலுள்ள பெயர், பதிவில் நீங்கள் கொடுத்த பெயரோடு ஒத்திருக்கவும் வேண்டும். பொதுவாகக் கேட்கப்படுவது 3000 × 3000 பிக்சல் கொண்ட, ஆர்ஜிபி (திரைக்கான சிவப்பு, பச்சை, நீல) நிறமுறையிலான ஜேபெக் கோப்பு. அதை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 10 அங்குலமே வரும் என்பதால், குறுந்தகட்டுக்குப் போதும், இசைத்தட்டு உறைக்குப் போதாது. பின்னாளில் இசைத்தட்டு போடும் ஆசை இருந்தால் மூலப்படத்தை இப்போதே பெரிதாக வருடி (ஸ்கேன் செய்து) வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நண்பர் பணம் வாங்காமல் வரைந்து தந்ததால் ஓவியத்தின் பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடாது. பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 19ஆம் பிரிவுப்படி, உரிமை மாற்றம் எழுத்தில் அமைந்து அவருடைய கையொப்பத்தைப் பெற்றிருக்க வேண்டும். அந்தக் கடிதத்தில் கால அளவைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுமே கொள்ளப்படும். உங்கள் பாடல்கள் சிங்கப்பூரிலும் ஒலிக்கப்போவதால், இரண்டையும் தெளிவாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.