அமெரிக்க வரலாற்றை வகுப்பில் நடத்துவது எப்படி? கேள்வி பதில்

அமெரிக்காவில் வசிக்கும் தமிழ் ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு, அங்கே உயர்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு அமெரிக்கப் புரட்சி நடத்துகிறேன். பாடநூலைத் தவிர எதைப் பயன்படுத்தலாம், ஐயா?

பதில்: பாஸ்டன் படுகொலையில் தொடங்குங்கள், அம்மா. 1770 மார்ச் 5 இரவு பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டதில் 5 பேர் இறந்தார்கள். சில வாரங்களிலேயே பால் ரிவியர் செதுக்கிய படம் விற்பனைக்கு வந்தது. அதில் சிப்பாய்கள் வரிசையாக நின்று சுடுகிறார்கள். அதிகாரி வாளை உயர்த்தி உத்தரவிடுகிறார். எதிரே நிற்கும் மக்களிடம் ஆயுதமே இல்லை. எதையும் விளக்காமல் படத்தை மட்டும் பிள்ளைகள் பார்க்கட்டும். பிறகு அந்த அதிகாரி, கேப்டன் தாமஸ் பிரஸ்டன், தந்த விவரத்தைக் கொடுங்கள். கூட்டம் தடிகளோடு நெருங்கியது, பனி உருண்டைகளை வீசியது, சுடும்படி தான் சொல்லவில்லை என்கிறார் அவர். வகுப்பு இரண்டு கட்சியாகிவிடும். வாதம் சூடுபிடித்த பிறகு தீர்ப்பைச் சொல்லுங்கள்: பிரஸ்டனும் 8 சிப்பாய்களில் 6 பேரும் விடுதலை ஆனார்கள். அவர்களுக்காக வாதாடியவர், பின்னாளில் அதிபரான ஜான் ஆடம்ஸ்! இந்த ஒரு பாடத்தைப் போல் சான்றுகளை எடைபோடக் கற்றுத்தருவது வேறில்லை என்பேன்.

கேள்வி: இவற்றைப் படியெடுத்துக் கொடுக்க அனுமதி வேண்டுமா?

பதில்: காங்கிரஸ் நூலகம் (அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகம்), தேசிய ஆவணக் காப்பகம் இரண்டின் இணையதளங்களையும் இலவசமாகப் பயன்படுத்தலாம். மத்திய அரசு ஊழியர்கள் பணியின்போது உருவாக்கிய படங்களுக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடையாது. மற்றவற்றுக்கு அங்கேயுள்ள உரிமைக் குறிப்பைப் படித்துவிடுங்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. அடிமை முறையை எப்படிச் சொல்வது?

பதில்: சவுக்கடிப் படங்கள் இந்த வயதில் வேண்டாம், சகோதரி. 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிமைப் பட்டியலில் ஒரு பக்கத்தைக் காட்டுங்கள். உரிமையாளரின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, பால், நிறம். அடிமைகளின் பெயர்கள் பெரும்பாலும் இராது. பிறகு 1870 பட்டியலைக் காட்டுங்கள்: விடுதலை பெற்றவர்கள் அதில் பெயரோடு இருக்கிறார்கள். இடையில் நடந்ததை, 1865இல் அடிமை முறையை ஒழித்த 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தை, அவளே கேட்பாள்.

வளர்ந்த பிறகு, 1936 முதல் 1938 வரை முன்னாள் அடிமைகளிடம் எடுத்த 2,300க்கும் மேற்பட்ட நேர்காணல்களுக்குப் போகலாம். கேள்வி கேட்டவர்களில் பெரும்பாலோர் தென் மாநில வெள்ளையர்கள். முதியவர்கள் அவர்களிடம் எதைச் சொல்லத் தயங்கியிருப்பார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கேள்வி: புகைப்படங்களை அப்படியே நம்பலாமா?

பதில்: டோரதியா லாங் 1936இல் கலிபோர்னியாவில் எடுத்த, பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் ஏழைத் தாயின் படம் எல்லாப் பாடநூலிலும் உண்டு. அதே இடத்தில் அவர் எடுத்த மற்ற படங்களையும் காங்கிரஸ் நூலகத்தில் பார்க்கலாம். எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்த ஒன்று மட்டும் ஏன் புகழ் பெற்றது என்று கேளுங்கள்.

கேள்வி: இதற்கெல்லாம் நேரம் ஏது? தேர்வு வருகிறதே!

பதில்: வாரம் ஓர் ஆவணம், அதுவும் அரைப் பக்கம் போதும். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலம் பிள்ளைகளுக்குக் கடினம்; வேண்டிய வரிகளை மட்டும் தட்டச்சு செய்து, கடினச் சொற்களுக்குப் பொருள் எழுதிக் கொடுங்கள். மூல ஆவணத்தின் படமும் அருகில் இருக்கட்டும்.