மறு: டீஃப்லிங்கை ஏத்தாத துறைக்காரன்

கல்லடியில ஐந்து பேரோட டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் எண்ட, பகடை உருட்டிக் கதை ஆடுற ஆட்டம்) ஐந்தாம் பதிப்பு நடத்துறீங்க. டீஃப்லிங் (கொம்பும் வாலும் உள்ள கற்பனை இனம்) எண்டாலே உங்கட கதையில தோணி விடுற துறைக்காரனுக்கு வெறுப்பு, ஆனா டீஃப்லிங்கா ஆடுற பிள்ளை பர்சுவேஷன் (பேசி இணங்க வைக்கிற திறமை) +7 ஓட பகடையில 22 எடுத்ததும் உருகிப்போறான். எட்ட வேண்டிய இலக்கு எண்ணை 25 ஆக்கினா அவ கோவிக்கிறா. இதுதானே சிக்கல்?

இலக்கை ஏத்தாதீங்க, அது அவ வளர்த்த திறமைக்கு அபராதம். 2014 டிஎம் (ஆட்டத்தை நடத்துறவர்) கையேட்டில மனநிலை மூண்டு: நட்பு, அலட்சியம், பகை. பகையில இருக்கிறவன் 20க்கும் தனக்கு ஆபத்தோ இழப்போ இல்லாததைத்தான் செய்வான். பகலில ஏத்தினா மற்றச் சனம் தோணிக்கு வராது, அது அவனுக்கு இழப்பு. அப்ப 22க்கு விடை: "இருட்டினாப் பிறகு வா. தலையில சாக்கைப் போட்டுக்கொண்டு அணியத்தில குந்து." உதவியும் கிடைச்சுது, வெறுப்பும் அப்படியே இருக்கு.

அவன்ர மனநிலையை அசைக்க அவவின்ர பாத்திரத்தின் பின்னணியை, அதாவது முந்தின தொழிலை, பாவியுங்க. அவ மாலுமிப் பின்னணி எண்டா, அவிழ்ந்த கயிற்றை ஒழுங்கா முடிச்சுப் போடட்டும். அந்தப் பேச்சு முடியுமட்டும் அவன் அலட்சியத்துக்கு வருவான். இப்ப 10க்கே இழப்பில்லாத உதவி, 20க்குச் சின்ன ஆபத்தும் ஏற்பான்.

கர்ப்ஸ் எண்ட இன்னொரு கதை ஆட்டத்தில, பாத்திரம் சிறுபான்மை எண்ட குறைக்கு, மற்றவங்கள் எப்படி நடத்துவாங்க எண்டு உருட்டுறதில மற்றவங்களிட்ட -2, தன் இனத்தாரிட்ட +2. ஆக்கள் மறக்கிறது இந்த +2 ஐத்தான். துறைக்கு அக்கரையில ஒரு டீஃப்லிங் கிழவியை வையுங்க, அவவிட்ட அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கிறது) குடுங்க.

ஒவ்வொரு கடையிலயும் இந்த வெறுப்பையே காட்டினா சலிக்கும். எவ்வளவு வேணும் எண்டு அந்தப் பிள்ளையிட்ட தனியாக் கேட்டுட்டு அடுத்த ஆட்டத்தைத் தொடங்குங்க.