மேற்படி கிடங்கு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். பள்ளி ஆசிரியை. சென்ற மாதக் கட்டுரையில், "பணியின் கடைசிப் பதினோரு ஆண்டுகளில் நான் யாரையும் கைது செய்யவில்லை, யாரையும் துரத்தவில்லை, படித்துக்கொண்டிருந்தேன்" என்று எழுதியிருந்தீர்கள். என் மகள் பி.காம். முடித்துவிட்டு மத்திய அரசுப் பணிகளுக்கான எஸ்.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறாள். சி.பி.ஐ. சப்-இன்ஸ்பெக்டர் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. எஃப்.பி.ஐ. பற்றிய அமெரிக்கத் தொடர்களை விடாமல் பார்ப்பாள். அவற்றில் மேலதிகாரிதான் முதல் ஆளாகக் கதவை உடைத்துக்கொண்டு போவார். உங்கள் வரியைப் படித்துவிட்டு, "மேலே போனால் வெறும் கையெழுத்துப் போடுகிற வேலைதானா அம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். ஜோலார்பேட்டை எங்கள் ஊரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் சிறையில் இருந்த அந்த ஊர் பேரறிவாளனின் தாய் அற்புதம்மாளின் அலைச்சலைச் செய்திகளில் பார்த்தே வளர்ந்த தலைமுறை நான். ஒரு வாக்குமூலத்தில் ஒரு வரி விடுபட்டுப் போனால், அதைத் தடுக்க வேண்டிய நாற்காலியில் இருப்பவர் யார்? நீங்கள் அந்த நாற்காலியில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

ஒரு வாசகி, குடியாத்தம்

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் இரண்டாவது கேள்வியைத் தவறாக நினைக்கவில்லை. முதல் கேள்விக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

மகளுக்கு முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். சி.பி.ஐ.யில் ஒரு வழக்கின் விசாரணை அதிகாரி சப்-இன்ஸ்பெக்டராகவோ, இன்ஸ்பெக்டராகவோ, டி.எஸ்.பி.யாகவோ இருப்பார். சாட்சிகளைக் கேட்பதும் ஆவணங்களைக் கைப்பற்றுவதும் அவர். கிளையின் தலைவர் எஸ்.பி. அவருக்கு மேலே டி.ஐ.ஜி., இணை இயக்குநர் என்று படிகள் போகின்றன. எஸ்.பி.யின் மேசைக்கு ஒரே நேரத்தில் பல வழக்குகளின் நாட்குறிப்புகள் வரும். விசாரணை அதிகாரி அன்றன்று எத்தனை மணிக்குத் தகவல் பெற்றார், எங்கே போனார், என்ன தெரிந்துகொண்டார் என்பதையெல்லாம் அதில் எழுத வேண்டும் என்பது சட்டம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 172-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்தில் 192-ஆம் பிரிவு. எந்தக் கணக்கை முடக்குவது, எந்த ஆவணத்தை அது காணாமல் போகும் முன் எடுப்பது, யாரைக் கைது செய்வது, யாரைச் செய்யாமலிருப்பது என்ற முடிவுகள் எல்லாம் இந்த நாட்குறிப்பை நம்பித்தான் எடுக்கப்படுகின்றன. ஆகவே அதைப் படிக்கிறவர் எப்படிப் படிக்கிறார் என்பது பல பேருடைய வாழ்க்கை.

நான் பணியாற்றியது மத்திய அரசின் ஒரு புலனாய்வுத் துறையில். எந்தத் துறை, எந்தக் கிளை என்று எழுதப்போவதில்லை. நான் சொல்லப்போகும் பிழை என்னுடையது.

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் வியாபாரி. குடோனில் இருக்கும் உப்புத்தோல் மூட்டைகளை ஈடாகக் காட்டி ஒரு வங்கிக் கிளையில் பெரிய தொகை கடன் வாங்கியிருந்தார். பின்னர் குடோனைத் திறந்து பார்த்தபோது பாதிக்குமேல் காலி. இருப்பு சரியாக இருக்கிறது என்று பதிவேட்டில் கையெழுத்திட்டிருந்தவர் வங்கியின் கள அலுவலர். வியாபாரி, கிளை மேலாளர், கள அலுவலர் என்று மூன்று பேர் மீதும் கூட்டுச்சதி வழக்கு. விசாரணை அதிகாரி சுறுசுறுப்பானவர். நான்கே மாதத்தில் கோப்பு என் மேசைக்கு வந்துவிட்டது. சாட்சிகளின் வாக்குமூலங்கள் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்தன. படித்தேன், பாராட்டி ஒரு குறிப்பு எழுதினேன், குற்றப்பத்திரிகைக்கு ஒப்புதல் அளித்தேன்.

வழக்கு நடந்தது. குடோன் காவலாளி கூண்டில் ஏறினார். அறுபது வயதைத் தாண்டியவர். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நிதானமாகக் கேட்கக் கேட்க அவர் சொன்னது இதுதான். அந்தக் கள அலுவலர் வந்தார். குடோனைத் திறக்கச் சொன்னார். சாவி முதலாளியிடம் இருக்கிறது என்றேன். பொழுது சாயும்வரை வெளியே நின்றார். "உள்ளே தோல் இருந்தால் இந்நேரம் நாற்றம் வந்திருக்குமே" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடாமல் போய்விட்டார். இதை விசாரணையின்போதே சொன்னாயா என்று வழக்கறிஞர் கேட்டார். "சொன்னேனே, ஐயா எழுதிக்கொள்ளவில்லை" என்றார் காவலாளி.

நம் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உப்பிட்ட தோல் வைத்த குடோனின் நாற்றம் மூடிய கதவுக்கு வெளியே தெருமுனைவரை வரும். அந்த அலுவலர் மூக்கால் இருப்பைச் சோதித்துவிட்டார். நான்கு நாள் கழித்து, "சாவி வந்தது, நானே போய்ப் பார்த்துவிட்டேன், எல்லாம் சரி" என்று மேலாளர் சொன்னதை நம்பி, மேலாளரின் அறையிலேயே உட்கார்ந்து கையெழுத்திட்டிருக்கிறார். அது கடமையில் தவறியது. துறை நடவடிக்கைக்கு உரியது. சதி என்று சொல்ல ஏமாற்றும் எண்ணம் வேண்டும். கதவுக்கு வெளியே மாலைவரை காத்திருந்த மனிதரிடம் அந்த எண்ணம் எங்கே இருந்தது?

மற்ற இருவருக்கும் தண்டனை கிடைத்தது. அலுவலர் விடுதலையானார். முதல் தகவல் அறிக்கையிலிருந்து அதுவரை ஏழு ஆண்டுகள். பணி இடைநீக்கத்திலேயே அவர் ஓய்வு வயதை எட்டிவிட்டார். செய்திகளில் அது வெற்றி பெற்ற வழக்கு. என்னையும் பாராட்டினார்கள்.

தீர்ப்பு வந்த வாரம் அந்தக் கோப்பை மறுபடி எடுத்துப் படித்தேன். காவலாளியின் வாக்குமூலம் ஒன்றரைப் பக்கம். அதில் "மேற்படி கிடங்கு" என்ற சொல் ஐந்து இடங்களில் இருந்தது. ராணிப்பேட்டையில் எந்தக் காவலாளி தன் வாழ்நாளில் "மேற்படி கிடங்கு" என்று சொல்லியிருப்பார்? அடுத்த சாட்சியின் வாக்குமூலத்திலும் அதே சொல், அதே வாக்கிய அமைப்பு. சுமைதூக்குபவர், லாரி ஓட்டுநர், வங்கியின் கடைநிலை ஊழியர் எல்லாரும் ஒரே குரலில் பேசியிருந்தார்கள். அது விசாரணை அதிகாரியின் குரல். முதல் வாசிப்பிலேயே எனக்கு அது கேட்டிருக்க வேண்டும். எல்லாம் பொருந்திவருகிறது என்ற மகிழ்ச்சியில் என் காது அடைத்துப்போயிருந்தது.

இங்கே மகளுக்கு ஒரு சட்ட விவரம் சொல்ல வேண்டும். காவல்துறை விசாரணையில் சாட்சி சொல்வதை எழுதிக்கொண்டால், அதில் சாட்சியிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. சாட்சியை மிரட்டிக் கட்டிப்போட்டுவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது, நல்ல விதி. ஆனால் அதன் மறுபக்கம், தன் பெயரில் என்ன எழுதப்பட்டது என்பதே பல சாட்சிகளுக்கு நீதிமன்றத்தில்தான் தெரியவருகிறது. இடையில் அதைச் சந்தேகத்தோடு படிக்கும் கடமை உள்ள அதிகாரி மேற்பார்வை அதிகாரிதான். அவரும் நம்பிப் படித்தால் அந்தக் காவலாளியின் மாலைப்பொழுது உலகத்திலிருந்தே அழிந்துவிடும்.

அந்த வழக்குக்குப் பிறகு, குற்றப்பத்திரிகைக் கோப்போடு வரும் ஒவ்வொரு விசாரணை அதிகாரியிடமும் கோப்பைத் திறக்கும் முன்பே ஒரு கேள்வி கேட்டேன். "கேட்டும் எழுதாமல் விட்டது என்ன?" முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு அவர்களே ஒரு தனித் தாளில் எழுதிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். அந்தத் தாளால் சில வழக்குகளில் ஒருவரின் பெயர் குற்றப்பத்திரிகையிலிருந்து நீங்கியது. சில வழக்குகள் முன்பைவிட உறுதியாயின. முக்கியமான சாட்சிகள் இரண்டு மூன்று பேரை நானே நேரில் போய்க் கேட்பதையும் வழக்கமாக்கிக்கொண்டேன். மேலே போனால் கையெழுத்துப் போடுகிற வேலைதானா என்று மகள் கேட்டாளே, கையெழுத்து கடைசியில் வருவது. அதற்கு முன்னால் இவ்வளவும் இருக்கிறது.

இனி ஜோலார்பேட்டைக்கு வருகிறேன்.

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு மேலும் பல உயிர்கள் போயின. அவர்களில் பணியில் இருந்த காவலர்களும் உண்டு. அந்தக் குடும்பங்களை மறந்துவிட்டு இதைப் பேச எனக்கு மனம் வராது. டி.ஆர். கார்த்திகேயன் தலைமையிலான சி.பி.ஐ. சிறப்புப் புலனாய்வுக் குழு வழக்கை விசாரித்தது. குண்டுவெடிப்பில் இறந்த புகைப்படக்காரர் ஹரிபாபுவின் கேமரா அங்கேயே கிடைத்தது. அந்தப் படச்சுருளிலிருந்து தொடங்கி ஓர் ஆண்டுக்குள் குற்றப்பத்திரிகைவரை போனார்கள். துப்புத் துலக்கிய அந்த உழைப்பை நான் இன்றும் மதிக்கிறேன். 1998 ஜனவரியில் சிறப்பு நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் 4 பேருக்கு மட்டும் அதை உறுதிசெய்து, 3 பேருக்கு ஆயுள் தண்டனையாக மாற்றி, 19 பேரை விடுவித்தது. அந்த 4 பேரில் ஒருவர் பேரறிவாளன். கைதானபோது அவருக்கு வயது 19. 9 வோல்ட் பேட்டரிகளை வாங்கிக் கொடுத்தார் என்பது அவர் மீதான முக்கியக் குற்றச்சாட்டு.

பொதுவாக நம் நாட்டில் காவல்துறை அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு அதற்கு விலக்கு அளித்தது. எஸ்.பி. பதவிக்குக் குறையாத அதிகாரி பதிவு செய்தால் செல்லும் என்றது. உங்கள் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. பேனா பிடித்தவரே அந்த நாற்காலிக்காரர். பதவியில் உயர்ந்தவர் கவனமாக எழுதுவார் என்று சட்டம் நம்பியது. 2013-இல், அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த ஓய்வுபெற்ற எஸ்.பி. வெளிப்படையாகப் பேசினார். பேட்டரி எதற்காக என்பது தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தாம் எழுதவில்லை என்றார். பின்னர் 2017-இல் உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமும் தாக்கல் செய்தார். ஓய்வுக்குப் பிறகு இப்படிச் சொல்ல முன்வருவது எளிதன்று, அதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் அதற்குள் 22 ஆண்டுகள் போய்விட்டன. தெரிந்து வாங்கினாரா, தெரியாமல் வாங்கினாரா என்பதுதான் ஒரு சதி வழக்கின் உயிர்நாடி. அந்த வரியை நம்புவதா இல்லையா என்று தீர்மானிக்கும் உரிமை நீதிபதியுடையது. எழுதப்படாத வரியை எந்த நீதிபதியாலும் எடைபோட முடியாது.

பேரறிவாளன் 2022 மே 18 அன்று விடுதலையானார். அது இந்த வரிக்காக வந்த விடுதலை அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமைச்சரவையின் பரிந்துரை மீது ஆளுநர் முடிவெடுக்காமல் தாமதித்ததைக் காரணமாகக் கொண்டு, அரசியல் சாசனத்தின் 142-ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றம் விடுவித்தது. விடுபட்ட வரிக்கு உரிய கணக்கு இன்னும் யாராலும் பார்க்கப்படவில்லை.

மகள் எஃப்.பி.ஐ. தொடர்கள் பார்ப்பதாகச் சொன்னீர்கள். அந்த நாட்டிலிருந்தே ஒன்று சொல்கிறேன். 1963-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிரேடி என்பவரின் வழக்கில் தீர்ப்பளித்தது. மேரிலாண்ட் மாநிலத்தில் நடந்த கொலை. கொன்றது நான்தான் என்று கூட்டாளி கொடுத்திருந்த வாக்குமூலத்தை அரசுத் தரப்பு பிரேடியின் வழக்கறிஞருக்குக் காட்டவில்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான முக்கியச் சான்றை அவர் கேட்டும் மறைப்பது அவருடைய அடிப்படை உரிமையை மீறுவது என்றது நீதிமன்றம். அங்கே விசாரணையை நடத்தும் ஒவ்வொரு மேலதிகாரியும் அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் கோப்பைப் பார்க்க வேண்டியிருக்கிறது. தொடர்களில் அது வருகிறதா என்று தெரிந்தால் மகள் எனக்குச் சொல்லட்டும். நம் சி.பி.ஐ.யும் அதே 1963-இல், ஏப்ரல் 1 அன்று பிறந்ததுதான். விசாரணை அதிகாரி கைப்பற்றிவிட்டு வழக்குக்குப் பயன்படுத்தாமல் விட்ட வாக்குமூலங்கள், ஆவணங்களின் பட்டியலையும் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுக்க வேண்டும் என்று நம் உச்ச நீதிமன்றம் சொன்னது 2021-இல். கைப்பற்றியது பட்டியலில் வரும். காதில் விழுந்து எழுதப்படாதது எந்தப் பட்டியலில் வரும்?

வேலூர்க் கோட்டைக்கு மாணவர்களை அழைத்துக்கொண்டு போவீர்கள் என்று நினைக்கிறேன். 1806 ஜூலை 10 கிளர்ச்சியைச் சொல்லும்போது முஸ்தபா பேக்கையும் சொல்லுங்கள். ஏறக்குறைய மூன்று வாரம் முன்பே, சிப்பாய்கள் எழப்போகிறார்கள் என்று கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய்ச் சொன்ன சிப்பாய் அவர். ஃபோர்ப்ஸ் அதை விசாரிக்கும் பொறுப்பைப் படையின் இந்திய அதிகாரிகளிடமே விட்டார். அவர்களில் சிலர் அந்த ஏற்பாட்டில் பங்குள்ளவர்கள். அவர்கள் கூடிப் பேசி, இவன் பைத்தியம் என்று அறிக்கை கொடுத்தார்கள். முஸ்தபா பேக்கைச் சிறையில் அடைத்தார்கள். யார் பக்கம் நியாயம் என்ற விவாதம் வேறு, என் மனம் சிப்பாய்கள் பக்கம். ஆனால் மேற்பார்வை என்ற வேலையை யோசிக்கும்போதெல்லாம் ஃபோர்ப்ஸ்தான் நினைவுக்கு வருகிறார். அவர் மேசைக்கும் ஒழுங்கான, ஒருமித்த, எல்லோரும் ஒரே குரலில் பேசிய ஓர் அறிக்கைதான் வந்தது.

மகளுக்கு ஒரு வேலை தருகிறேன். சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் சாட்சி விசாரணை நடக்கும் கூடத்தில் யார் வேண்டுமானாலும் போய்ப் பின் பெஞ்சில் உட்காரலாம். தேர்வுக்குப் படிப்பதிலிருந்து ஒரு வாரம் எடுத்துக்கொண்டு அங்கே போகச் சொல்லுங்கள். குறுக்கு விசாரணையில் காய்கறி விற்பவரும் ஆட்டோ ஓட்டுநரும் என்ன சொல்கிறார்கள் என்பதை அவர்கள் சொல்லும் சொற்களிலேயே ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். தனக்குத் தேவையில்லை என்று தோன்றுவதையும் விடாமல் எழுதட்டும். அந்த நோட்டை எனக்கு அனுப்பிவையுங்கள். படிக்கிறேன்.