‘ஹஷர்’ என்றால் சிரமதானமா?

கேள்வி: ஆங்கில, உஸ்பெக் அரசியல் செய்திகளைத் தமிழாக்குகிறேன். அரசுத் தரப்பின் மழுப்பல் சொற்களை அப்படியே தருவதா, உடைத்துச் சொல்வதா?

பதில்: அந்தச் சொல் யாருடையது என்று முதலில் பாருங்கள். அமைச்சரோ தளபதியோ பேசியதென்றால் மேற்கோள் குறிக்குள் அதே மழுப்பலோடு வையுங்கள். நீங்கள் உடைத்தால், அவர் சொல்லாததைச் சொன்னதாகிவிடும். உங்கள் சொந்த வாக்கியத்தில் நடந்ததை எழுதுங்கள்.

ஆங்கில மழுப்பலைக் கண்டுபிடிப்பது எளிது. பெரும்பாலும் அலுவலக வாசனை அடிக்கும். ‘கொலேட்டரல் டேமேஜ்’ என்பதைப் ‘பக்கச் சேதம்’ என்று எழுதினால் வாசகர் இடிந்த சுவரைத்தான் நினைப்பார். ‘தாக்குதலில் பொதுமக்கள் கொல்லப்பட்டனர்’ என்று எழுதுங்கள். 2001-க்குப் பின் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ பயன்படுத்திய ‘என்ஹான்ஸ்டு இன்டராகேஷன்’ என்பதை ‘மேம்பட்ட விசாரணை’ என்றால் பாராட்டாகவே ஆகிவிடும். முகத்தில் துணி போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் தூங்கவிடாமல் வைத்ததும் அதில் அடக்கம். அது சித்திரவதை.

உஸ்பெக்கில்தான் சறுக்கல் அதிகம். அங்கே மழுப்பலுக்கு நல்ல ஊர்ச்சொற்களையே எடுத்துக்கொள்கிறார்கள். ‘ஹஷர்’ என்பது ஊர்கூடி வீடு கட்டுவது, கால்வாய் தூர்வாருவது. ஆசிரியர்களையும் செவிலியர்களையும் பருத்தி பறிக்க அரசு கட்டாயப்படுத்தி அனுப்பியதற்கும் அதே பெயர்தான். அந்த இடத்தில் ‘சிரமதானம்’ என்று போட்டால் கட்டாயம் மறைந்துபோகும். ‘ஹஷர் என்ற பெயரில் கட்டாயப் பருத்தி பறிப்பு’ என எழுதுங்கள். ஆண்டையும் பாருங்கள்: 2021 அறுவடையில் பரவலான கட்டாய உழைப்பு முடிவுக்கு வந்ததாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு அறிவித்தது. அதற்குப் பிந்திய ஹஷர் உண்மையிலேயே ஊர்கூடிச் செய்த வேலையாக இருக்கலாம்.

இன்னொன்று ‘வோகெயலர்’, அதாவது நிகழ்வுகள். ‘அண்டிஜான் நிகழ்வுகள்’ என்பது 2005 மே 13 அன்று உஸ்பெகிஸ்தானின் அண்டிஜான் நகரில் படையினர் கூட்டத்தைச் சுட்டது. அரசுக் கணக்கிலேயே 187 பேர் இறந்தனர். மனித உரிமை அமைப்புகள் அதைவிட மிக அதிகம் என்கின்றன. ‘நிகழ்வு’ என்றதும் செய்தவர் காணாமல் போகிறார். யார், யாரை, என்ன செய்தார் என்று கேட்டு வாக்கியத்தை நிரப்புங்கள். இலங்கையில் உறவினர்கள் ‘காணாமல் போனோர்’ என்பதை மறுத்து, ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்று வற்புறுத்துவது இதற்காகத்தான்.

சொல் மாறினால் அந்த மாற்றத்தையும் காட்டுங்கள். ஏழைக் குடும்பங்களை அதிகாரிகள் ‘கம் தாமின்லங்கன்’ என்பார்கள். ‘வசதி குறைந்த’ என்று தமிழாக்குங்கள். 2020 ஜனவரியில் உஸ்பெகிஸ்தான் அதிபர் மிர்சியோயெவ் ‘கம்பகல்லிக்’ என்றே சொன்னார், அது ‘வறுமை’. இரண்டையும் ‘ஏழ்மை’ என்று ஒன்றாக்காதீர்கள், அந்த மாற்றமே செய்தி.

இறப்புச் சொற்களை மட்டும் உடைக்க வேண்டாம். ‘கோஸ் யும்தி’ என்றால் ‘கண்மூடினார்’. அது மரியாதை, அப்படியே தமிழுக்கு வரும்.